கண்ணில் கேஸ் இருக்கும்போது ஏற்காடு ஏன் ஏறக்கூடாது? விழித்திரை விலகல்: அடிப்படையிலிருந்து ஒரு விளக்கம்

விழித்திரை விலகலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் அறிவுரைகளில் இரண்டு, சேலம் பக்கத்து ஆட்களை ரொம்பக் குழப்புகின்றன. ஒன்று, சில நாட்கள் குப்புறப் படுக்க வேண்டும் என்பது. இன்னொன்று, கண்ணுக்குள் கேஸ் வைத்திருக்கிறோம், அது கரையும்வரை மலை ஏறக்கூடாது என்பது. முதலாவதை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் மனதில் நிற்பதில்லை. விமானத்தில் போகாதே என்றால் சரி, முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் ஏற்காடு போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றுகிறது. எஸ்டேட்டில் குடியிருப்பவருக்கு இந்த அறிவுரை வீட்டுக்கே போகாதே என்று சொல்வதற்குச் சமம்.

ஆனால் அந்த முப்பது கிலோமீட்டரில் பார்வை நிரந்தரமாகப் போய்விட முடியும். காரணம் புரிந்துவிட்டால் அறிவுரையை மீறத் தோன்றாது. அதற்கு, விழித்திரை எப்படி ஒட்டியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விழித்திரை எதனால் ஒட்டி நிற்கிறது?

கண்ணின் உட்சுவரில் பின்பக்கமெல்லாம் படர்ந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலம்தான் விழித்திரை. ரெட்டினா என்று சொல்வதும் இதைத்தான். தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே விழும் வெளிச்சத்தை மின்சமிக்ஞையாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இதன் வேலை. இதன் நடுவே மாகுலா என்ற சிறிய பகுதி இருக்கிறது. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தை நம்பித்தான். மற்றப் பகுதிகள் பக்கவாட்டுப் பார்வையைத் தருகின்றன.

விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் பின்னாலிருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து வாங்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நிறமிச் செல்களின் ஓர் அடுக்கு உண்டு. அது இடைவெளியில் சேரும் நீரை ஓயாமல் உறிஞ்சிப் பின்னுக்குத் தள்ளுகிறது. விழித்திரையைச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் முக்கிய விசை இந்த உறிஞ்சல்தான். நீர் உள்ளே வரும் வேகம் உறிஞ்சும் வேகத்தை மிஞ்சினால் படலம் சுவரிலிருந்து எழும்பிவிடும். பின்னாலிருந்து வரும் ஆக்சிஜன் நின்றுபோனால் பார்வைச் செல்கள் உடனே செத்துவிடுவதில்லை, ஆனால் நாளுக்கு நாள் சேதம் கூடும்.

பிரிவது படிப்படியாக நடக்கிறது

கண்ணின் உட்குழியை விட்ரியஸ் என்ற ஜெல் நிரப்பியிருக்கிறது. கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர், கொஞ்சம் நார்ப்பொருள். பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இந்த வரிசையில்தான்:

1. வயதாக ஆக ஜெல் இளகி, சுருங்கி, விழித்திரையை விட்டு விலகுகிறது. ஐம்பது வயதுக்கு மேல் இது பலருக்கும் நடக்கும் இயல்பான மாற்றம். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே நடக்கும்.

2. ஜெல் எங்காவது கெட்டியாக ஒட்டியிருந்தால், விலகும்போது அந்த இடத்தை இழுக்கிறது. விழித்திரைக்கு எந்தத் தூண்டலும் வெளிச்சமாகத்தான் தெரியும். அதனால் இழுபடும்போது கண்ணோரத்தில் மின்னல் வெட்டுவது போலத் தோன்றுகிறது. இருட்டில் இன்னும் நன்றாகத் தெரியும்.

3. இழுப்பு பலமாக இருந்தால் விழித்திரை கிழிகிறது. சிறு ரத்தக்குழாய் அறுந்தால் கறுப்புப் புள்ளிகள், கொசுக்கள் போல, புகை போல, திடீரென்று நிறைய மிதக்கும்.

4. இளகிய ஜெல்லின் நீர் கிழிசல் வழியாகப் பின்னால் புகுந்து, படலத்தைச் சுவரிலிருந்து கிளப்புகிறது. விலகல் என்பது இந்தக் கட்டம்தான். பார்வையின் ஒரு பக்கத்தில் கறுப்புத் திரை இறங்குவது போல, அல்லது ஏறுவது போல, தெரியும்.

5. நீர் பரவி மாகுலாவும் எழும்பிவிட்டால் நடுப்பார்வை போய்விடும்.

மூன்றாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் நடுவிலுள்ள அவகாசத்தை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். கிழிசல் மட்டும் இருந்து விலகல் தொடங்கவில்லை என்றால், புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் லேசர் வைத்துக் கிழிசலைச் சுற்றி அடைத்துவிடலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆபரேஷன் தேவைப்படாது. அந்த அவகாசம் சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில வாரம். யாருக்கு எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது. திடீரென்று மின்னலும் புள்ளிகளும் தெரிந்து வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது கிழிசல் இருக்கும். மற்ற ஒன்பது பேரும் வீணாக வந்துவிடவில்லை. கிழிசல் இல்லை என்பது பரிசோதித்த பிறகுதான் தெரியும்.

வலிக்காது என்பதுதான் ஆபத்து

விழித்திரையில் வலியுணரும் நரம்புகள் இல்லை. கிழிந்தாலும் முழுதாகப் பிரிந்தாலும் கண் சிவக்காது, நீர் வடியாது, வலிக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண் நன்றாகவே இருக்கும். 'வலிக்கவில்லையே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்', 'ஆடி நோம்பி முடியட்டும்' என்று தள்ளிப்போடுவது இதனால்தான். அதற்குள் மாகுலா போய்விடுகிறது.

இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிர்ச் சுவரிலுள்ள காலண்டரையும் அதன் நான்கு பக்கங்களையும் பாருங்கள். ஒரு மூலை மறைந்திருந்தால் அன்றே கிளம்ப வேண்டும்.

கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், திரை கீழிருந்து ஏறுவதாகத் தெரிந்தால் பிரிந்திருப்பது மேல்பகுதி. மேலே கிழிந்தால் நீர் தன் எடையாலேயே கீழே இறங்கி மாகுலாவை நோக்கி வரும். அதனால் மேல்பகுதி விலகல் வேகமானது. கீழ்ப்பகுதி விலகல் மெதுவானது, பல வாரம் தெரியாமலே இருக்கலாம். நேராகப் பார்க்கும்போது நன்றாகத் தெரிகிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். மாகுலா இன்னும் ஒட்டியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அவசரமே அந்த நிலையில்தான், ஏனென்றால் காப்பாற்றக்கூடிய பார்வை இன்னும் இருக்கிறது. இவர்களுக்கு அன்றைக்கோ மறுநாளோ ஆபரேஷன் செய்யவே டாக்டர்கள் முயல்வார்கள். மாகுலா பிரிந்துவிட்டால்கூட, சில நாட்களுக்குள் செய்தால் கிடைக்கும் பார்வைக்கும் மாதக்கணக்கில் விட்டுச் செய்தால் கிடைக்கும் பார்வைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எல்லா விலகலும் கிழிசலால் வருவதில்லை

இதுவரை சொன்னது கிழிசலால் வரும் வகை. இன்னும் இரண்டு உண்டு.

இழுவை விலகல்: கட்டுப்படாத சர்க்கரை நோயில் விழித்திரையின் மேல் புது ரத்தக்குழாய்களும் தழும்புத் திசுவும் வளர்ந்து, சுருங்கி, படலத்தை இழுத்துக் கிளப்பும். மின்னல், புள்ளி என்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமலே மெல்ல நடக்கும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் வருடம் ஒருமுறை கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கறுப்புத் துளையை) விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இந்த வகை வரலாம். 2 கிலோவுக்குக் குறைவான எடையோடு, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் கண் பரிசோதனை செய்வது இதற்காகத்தான்.

நீர்க்கசிவு விலகல்: கிழிசலும் இழுவையும் இல்லாமல், பின்னாலிருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து நீர் கசிந்து தேங்குவது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, கண்ணுக்குள் அழற்சி, அரிதாகக் கட்டி போன்றவை காரணம். காரணமான அந்த அடிப்படை நோயைக் குணப்படுத்துவதே இதற்கு வைத்தியம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் ஒருவருக்கு வரும் நோய் இது. ஆனால் ஆபத்து எல்லோருக்கும் சமமாக இல்லை.

1. கிட்டப்பார்வை உள்ளவர்கள். மைனஸ் 3-க்கு மேல் பவர் இருந்தால், பவர் இல்லாதவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு ஆபத்து. கண் நீளமாக இருப்பதால் விழித்திரை மெலிந்திருக்கும். லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் இந்த ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. லேசிக் மாற்றுவது முன்பக்கக் கருவிழியை மட்டும்தான், கண்ணின் நீளத்தை அல்ல.

2. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

3. ஒரு கண்ணில் ஏற்கெனவே விலகல் வந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது வந்தவர்கள்.

4. கண்ணில் அடிபட்டவர்கள். காபித் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது கிளை வீசி அடிப்பது, கொலுசுப் பட்டறையிலும் லேத் பட்டறையிலும் துண்டு தெறிப்பது, கிரிக்கெட் பந்து, தீபாவளிப் பட்டாசு. விலகல் அன்றே வர வேண்டும் என்பதில்லை, வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரும். வேலையில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வதைத் தொந்தரவாக நினைப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் அதிகம் பார்த்ததாலோ, படித்ததாலோ, அழுததாலோ விழித்திரை பிரியாது.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கான பரிசோதனை ஆகாது. கிழிசல்கள் பெரும்பாலும் விழித்திரையின் ஓரத்தில் இருக்கும். பாப்பாவை விரித்து, தலையில் மாட்டும் விளக்குக் கருவியோடு டாக்டர் பார்த்தால்தான் தெரியும். சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும், அதனால் பைக்கில் தனியாகப் போக வேண்டாம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. தனியார் மருத்துவமனை என்றால், போகும் முன் போன் செய்து, 'விழித்திரை டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா?' என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சமாகும்.

கிழிசலை அடைத்தால் போதும் என்று கண்டுபிடித்தவர்

நூறு வருடத்துக்கு முன் விழித்திரை விலகினால் அந்தக் கண் அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல்ஸ் கோனான் என்ற கண் மருத்துவர், விலகலுக்குக் காரணமே கிழிசல்தான், அதைத் தேடி அடைத்துவிட்டால் படலம் திரும்ப ஒட்டும் என்று 1920-களில் நிறுவினார். நிறமிச் செல்களின் உறிஞ்சலைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால் இது விளங்கும். ஓட்டையை அடைத்துவிட்டால் புது நீர் வராது, தேங்கிய நீரை உடம்பே வற்றவைத்துவிடும். இன்றைய எல்லா முறைகளும் இந்த ஒரே கொள்கையில்தான் நிற்கின்றன.

பக்கிள் முறையில் கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டையைத் தைத்து, சுவரை உள்நோக்கி அழுத்திக் கிழிசலோடு சேர்க்கிறார்கள். இளம் வயதினருக்கு இது பெரும்பாலும் ஏற்றது. விட்ரெக்டமி 1970-களில் ராபர்ட் மாக்கெமர் உருவாக்கிய முறை. நுண்துளைகள் வழியாக ஜெல்லை வெட்டி எடுத்து, படலத்தைச் சுவரோடு படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, கடைசியில் கண்ணுக்குள் கேஸோ சிலிக்கான் ஆயிலோ நிரப்புகிறார்கள். சில கண்களுக்கு ஜெல்லை எடுக்காமல் கேஸ் குமிழை மட்டும் ஊசி மூலம் செலுத்தி, கிழிசலை லேசராலோ உறையவைத்தோ ஒட்டுவதும் உண்டு. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே விழித்திரை ஒட்டிவிடுகிறது. படலம் ஒட்டுவது வேறு, பார்வை திரும்புவது வேறு என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாவது, மாகுலா எவ்வளவு நாள் பிரிந்திருந்தது என்பதைப் பொறுத்தது.

கேஸ் எதற்கு, குப்புறப் படுப்பது எதற்கு?

லேசர் வைத்த இடம் தழும்பாகிக் கெட்டியாக ஒட்டச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதுவரை கிழிசல் வழியாக நீர் புகாமல் எதுவாவது உள்ளிருந்து மூடி நிற்க வேண்டும். கேஸ் குமிழ் அந்த வேலையைச் செய்கிறது. குமிழ் எப்போதும் மேலேதான் மிதக்கும். எனவே கிழிசல் மேல்பக்கம் வரும்படி தலையை வைத்துக்கொண்டால்தான் குமிழ் அதன்மேல் போய் அழுத்தும். கிழிசல் பின்பக்கம் என்றால் குப்புற, ஓரத்தில் என்றால் ஒருக்களித்து. பக்கத்து பெட்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற கேஸ் இரண்டு மூன்று வாரத்தில் கரையும். பெர்ஃப்ளூரோபுரோபேன் ஆறு முதல் எட்டு வாரம் வரை இருக்கும். கண் நிறையக் கேஸ் இருக்கும்போது கை அசைவு மட்டும்தான் தெரியும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். குமிழ் சுருங்கச் சுருங்க, மேலிருந்து தெளிவு பிறந்து, தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு பார்வையில் ஆடிக்கொண்டே கீழிறங்கும்.

மலை ஏறினால் என்ன நடக்கிறது?

ஏற்காட்டுக்குச் சிப்ஸ் பாக்கெட் எடுத்துப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அடிவாரத்தில் தளர்ந்திருந்த பாக்கெட், மேலே போனதும் உப்பி விறைத்திருக்கும். வெளியே காற்றழுத்தம் குறைவதால் உள்ளிருக்கும் காற்று விரிகிறது. கண்ணுக்குள் இருக்கும் கேஸும் அதே விதிக்குத்தான் கட்டுப்படும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த உயர வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால், சேலத்தில் ஒரு பங்கு இடம் எடுக்கும் கேஸ் ஏற்காட்டில் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல் இடம் கேட்கும். பாக்கெட் உப்பலாம், கண்சுவர் அப்படி விரிந்துகொடுக்காது. விரிய இடமில்லாத கேஸ் உள்ளழுத்தத்தை ஏற்றுகிறது. கண்ணின் இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். அது பலமடங்கு ஏறினால் விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் நடுத்தமனி நசுங்கி ரத்தம் நின்றுவிடும். அப்படி நின்றால் ஒட்டவைத்த விழித்திரையே செத்துப்போகலாம்.

மெதுவாக ஏறினால் கண் கொஞ்சம் நீரை வெளியேற்றிச் சமாளிக்கப் பார்க்கும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனாலும் ஏறும் உயரம் ஒன்றுதான். மற்ற பயணங்களையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும்:

1. கொல்லிமலை, ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் கேஸ் கரையும்வரை கூடாது.

2. பெங்களூரு மலை என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அது சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து போனால் கேஸ் 8 சதவீதம் அளவுக்கு விரியும். பெங்களூரில் ஆபரேஷன் முடிந்து சேலம் இறங்குவதில் பெரிய சிக்கல் இல்லை, கேஸ் சற்றுச் சுருங்கும். அடுத்த செக்கப்புக்குத் திரும்ப மேலே போகும்போதுதான் விரியும். எப்போது வர வேண்டும் என்பதை இதைச் சொல்லியே அந்த டாக்டரிடம் கேளுங்கள்.

3. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஏற்காட்டைவிட மோசம்.

4. அந்த நாட்களில் பல்லுக்கோ வேறு எதற்கோ மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், கண்ணில் கேஸ் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு குமிழுக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும். மருத்துவமனை கையில் ஓர் அடையாளப் பட்டை கட்டியிருந்தால் டாக்டர் சொல்லும்வரை அதைக் கழற்ற வேண்டாம்.

தெரியாமல் ஏறிவிட்டு, வழியில் கண் வலி, தலைவலி, வாந்தி, அல்லது பார்வை இருண்டுபோவது என்று ஏதாவது வந்தால், மேலே போய் ஓய்வெடுக்கலாம் என்று நினைக்கக்கூடாது. வண்டியைத் திருப்பி உடனே இறங்கி, நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலையில் வீடு இருப்பவர்கள் என்ன செய்வது?

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம், 'வீடு ஏற்காட்டில்' என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் முதல் வேலை. மருத்துவமனைப் பதிவுத் தாளில் சேலம் மாவட்டம் என்று மட்டும் இருந்தால் யாருக்கும் உயரம் தெரியப்போவதில்லை. இரண்டு வழிகள் உண்டு. கேஸ் என்றால், அது கரையும்வரை சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்க வேண்டும். தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்னச் செலவல்ல. எஸ்டேட் நிர்வாகம் அந்த வாரங்களுக்கு விடுப்பும் தங்குமிட உதவியும் தருவது நியாயம் என்றே நினைக்கிறேன். இன்னொரு வழி சிலிக்கான் ஆயில். அது உயரத்துக்கு ஏற்ப விரியாது, மறுநாளே மலை ஏறினாலும் அழுத்தம் இப்படி ஏறாது. ஆனால் சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து அதை எடுக்க வேண்டும். எது பொருத்தம் என்பது கிழிசலின் இடத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்தது, முடிவு டாக்டருடையது. ஆனால் வீடு எங்கே என்பது தெரியாமல் அவரால் சரியாக முடிவெடுக்க முடியாது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆபரேஷனுக்கு முன், கேஸ் இல்லாத கண்ணோடு மலை இறங்கி வர எந்தத் தடையும் இல்லை. தானே வண்டி ஓட்டாமல், கிடைக்கிற முதல் பஸ்ஸில் வந்துவிடலாம்.

கேஸ் முழுதாகக் கரைந்துவிட்டதா என்பதையும் நோயாளி தானாக முடிவு செய்யக்கூடாது. பார்வையில் கோடு மறைந்துவிட்டது போலிருந்தாலும், டாக்டர் பார்த்து 'இனி ஏறலாம்' என்று சொன்ன பிறகுதான் பஸ் ஏற வேண்டும். அதே நாளில் மற்றக் கண்ணையும் விரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கண்ணில் விலகல் வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மறு கண்ணிலும் வருகிறது. அங்கே கிழிசல் இருந்தால் அன்றே லேசரோடு முடிந்துவிடும்.